ஒரு மொய் நோட்டும் 87 நாட்களும்

"கேஸ் விழுந்துபோச்சாம்மா?"

கடைக்குள் நுழைந்ததும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். கையில் நாலைந்து தாள். அமெரிக்காவிலிருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பக்கத்துக் கடையில் அச்செடுத்துக்கொண்டு நேரே வந்திருக்கிறார். நாற்காலியில்கூட உட்காரவில்லை.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 18 வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். பாரம் நிரப்புவது, கடிதம் எழுதுவது, மலாயிலும் தமிழிலும் இருக்கும் பத்திரங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பது. அதற்கு முன்பு ரப்பர் தோட்ட ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. அந்தத் தோட்டத்தில் இப்போது பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா என்று போய்விட்டார்கள். அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ள நினைக்கும்போதுதான் என் கடைக்கு வேலை வரும்.

தாள்களை வாங்கிப் படித்தேன். கேஸ் விழவில்லை. அமெரிக்கக் குடிநுழைவு அலுவலகம் கூடுதல் சான்று கேட்டு அனுப்பிய கடிதம் அது. ஆர்.எஃப்.இ. என்று சொல்வார்கள். இன்னும் முடிவு எடுக்கவில்லை, இன்னின்ன காகிதம் வந்தால் பார்த்து முடிவெடுப்போம் என்று அர்த்தம். நிராகரிப்புக் கடிதம் வேறு. இதை விளக்கிச் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆனது. "இல்லாத காகிதத்தத்தானே கேக்கறான், அப்ப வேணாங்கறான்னுதானே அர்த்தம்?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆபீஸ் கடிதம் என்றாலே ஆள்குறைப்பு, வீட்டைக் காலி செய், இரண்டில் ஒன்றுதான். அந்தப் பயம் எனக்கும் தெரியும். என் அப்பாவும் வெட்டுக்காட்டில் பால்மரம் சீவும் வேலை செய்தவர்தான்.

விஷயம் இது. மகன் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார். 21 வயது கடந்த குடிமகன் ஐ-130 என்ற மனு போட்டுப் பெற்றோரை அழைத்துக்கொள்ளலாம், அதற்கு வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு கிடையாது. அவருடைய நண்பர் ஒருவர் தன் அம்மாவுக்குப் போட்டபோது தன் பிறப்புப் பத்திரம் ஒன்றே போதுமானதாக இருந்தது. அதைப் பார்த்து இவரும் அப்பாவுக்குப் பிறப்புப் பத்திரத்தை மட்டும் வைத்து அனுப்பிவிட்டார். ஆனால் அப்பாவுக்கு மனு போட்டால், அப்பாவும் அம்மாவும் திருமணமானவர்கள் என்பதற்கான பத்திரமும் வேண்டும். கடிதத்தில் முதலில் கேட்டிருந்தது அதுதான். இரண்டாவது, மகனின் பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி, இருவரும் ஒரே ஆள்தான் என்று காட்டு. மூன்றாவது, அம்மாவின் இறப்புப் பத்திரத்துக்கு முழு மொழிபெயர்ப்பு. மகனே பாதியைப் பெயர்த்து அனுப்பியிருந்தார், அது செல்லுபடியாகவில்லை.

பதில் தருவதற்கு அவர்கள் தரும் அதிகபட்ச அவகாசம் 84 நாள். தபாலில் வந்த கடிதம் என்றால் அமெரிக்காவுக்குள் இருப்பவருக்கு மேலும் 3 நாள். மொத்தம் 87. நீட்டித்துத் தர மாட்டார்கள். பெரியவர் என் கடைக்கு வந்த அன்று அதில் 24 நாள் கழிந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு, இதை நான் பெரிய எழுத்தில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்: பதில் ஒரே தடவைதான். கிடைத்ததை இன்று அனுப்பிவிட்டு மிச்சத்தை அப்புறம் அனுப்பலாம் என்றால் நடக்காது. பாதி பதில் போனால் கையில் இருப்பதை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள். கடை ஆரம்பித்த புதிதில் இது தெரியாமல் ஒரு குடும்பத்தின் காகிதங்களை இரண்டு தவணையாக அனுப்பச் சொன்னவள் நான். அந்தப் பிள்ளை மறுபடி கட்டணம் கட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டது. அவர்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு நாள் மனதில் கிடந்திருக்காது.

நான் வக்கீல் இல்லை. சட்டம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை மகன் அங்கே ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டார். காகிதம் தேடுவதும் பெயர்ப்பதும் என் பங்கு.

திருமணப் பத்திரம் ஏன் இல்லை? இந்தக் கேள்விக்கு நம் நாட்டுச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், 164ஆம் எண் சட்டம், 1982 மார்ச் 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு சமய முறைப்படியோ வழக்கப்படியோ நடந்து அன்றைக்கு நிலைத்திருந்த திருமணங்களைப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதும்படி 4ஆம் பிரிவு சொல்கிறது. பழைய திருமணத்தை விருப்பப்பட்டுப் பதிந்துகொள்ளவும் வழி வைத்தார்கள், கட்டாயமில்லை. தோட்டத்தில் யார் போய்ப் பதிந்தார்கள்? மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதை ஊரே பார்த்தது, அது போதாதா? இவர்களும் பதியவில்லை. இப்போது சேர்ந்து போய்ப் பதியலாம் என்றால் அம்மா இல்லை.

ஆக, முதல் வேலை தேசியப் பதிவிலாகாவில் தேடச் சொல்லி, 'பதிவு இல்லை' என்று கடிதம் வாங்குவது. இல்லாத ஒன்றுக்கு எதற்குக் கடிதம் என்று பெரியவருக்கு வருத்தம். ஆனால் அமெரிக்க விதி அப்படித்தான் போகிறது: முதல் ஆவணம் இல்லையென்றால் அது இல்லை என்பதை உரிய அலுவலகம் சொல்ல வேண்டும். பிறகு இரண்டாம் நிலைச் சான்றுகள். அவையும் கிடைக்காதென்றால், நேரில் அறிந்த இரண்டு பேராவது சத்தியப் பிரமாணம் தர வேண்டும். அந்தக் கடிதத்தோடு 4ஆம் பிரிவின் நகலையும் சேர்த்தோம். பத்திரம் இல்லாதது இவர்களுடைய அலட்சியம் இல்லை, அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

கோயில் தலைவர் நல்ல மனிதர். விஷயம் கேள்விப்பட்டு அவரே வந்தார். "1974ஆம் வருஷத் தேதி போட்டு ஒரு லெட்டர் அடிச்சிக் குடுத்துடறேன், கோயில் முத்திரையும் குத்திடலாம். நடந்த கல்யாணம்தானே, பொய் இல்லையே?" என்றார். நடந்தது உண்மை, தேதி பொய். அந்த ஒரு பொய் தெரிந்துவிட்டால் மற்ற எல்லா உண்மையும் சந்தேகத்துக்குள் போய்விடும், மகனின் பெயரும் கெடும். வேண்டாம் என்றேன். கோயில் பதிவேடு 1988 முதல்தான் இருக்கிறது, அதற்கு முந்தியது எங்களிடம் இல்லை என்று இன்றைய தேதியிட்டு எழுதித் தாருங்கள், அதுவே பெரிய உதவி என்றேன். கொஞ்சம் முகம் வாடினார், ஆனால் எழுதித் தந்தார்.

பெயர் விஷயம் எளிதாகத்தான் முடிந்தது. அந்தக் காலத்தில் நம் பெயர்களை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். முனியாண்டி என்ற பெயரின் கடைசி எழுத்து ஒரு பத்திரத்தில் 'ஐ', இன்னொன்றில் 'ஒய்'. லெட்சுமிக்கு நான் பார்த்த எழுத்துக்கூட்டல் மட்டுமே ஆறு. பெயர் மாறினாலும் அடையாள அட்டை எண் மாறாது, அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பழைய எண் இருந்தது. 1990இல் வந்த 12 இலக்க எண்தான் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளுக்கு உரியவை என்று பதிவிலாகாவிடமே கடிதம் வாங்கினோம்.

மீதி இருந்தது திருமணம். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். "வீட்டுல ஒன்னும் இல்லம்மா" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். காகிதம் என்றால் முத்திரை குத்தியது என்று நினைக்கிறார்கள். அலமாரி மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கச் சொன்னேன். சேமநிதி வாரியத்தில் மனைவியை வாரிசாகப் போட்ட படிவத்தின் நகல். தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா அட்டை. ம.இ.கா. கட்சித் தலைவர் சம்பந்தன் காலத்தில் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். இரண்டு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், இரண்டிலும் இருவர் பெயரும். ஒரு கல்யாணப் படம், பின்னால் ஈப்போ ஸ்டூடியோவின் முத்திரை, வருடத்தோடு.

டின்னுக்கு அடியில் துணியில் சுற்றி ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. மொய் நோட்டு.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. ஆனந்த வருடம் ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. மணமகன் பெயர், மணமகள் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன் எண். அப்புறம் 163 வரிகள். இன்னார் 2 வெள்ளி (ரிங்கிட்டை அப்படித்தான் சொல்வோம்), இன்னார் 5 வெள்ளி, பெரிய கிராணி 10 வெள்ளி, ஒருவர் சேவல் ஒன்று. எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கே, அந்தப் பந்தலிலேயே உட்கார்ந்து யாரோ எழுதியது. எந்த அலுவலகத்துக்காகவும் எழுதப்பட்டதில்லை. அதைவிட நேர்மையான சாட்சி வேறு என்ன இருக்க முடியும்?

163 வரியையும் பெயர்த்தேன். நாலு இரவு. ஒரு வரியையும் விடக்கூடாது, முழுமையாகவும் சரியாகவும் பெயர்த்தேன், இரு மொழியும் அறிவேன் என்று பெயர்த்தவர் கையெழுத்திட வேண்டும். ஆனால் பெயர்ப்பு மட்டும் போதாது. ஆனந்த என்பது 60 வருடச் சுழற்சியில் ஒன்று, 1974 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1975 ஏப்ரல் வரை, ஆவணி என்பது ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை என்று தனிக் குறிப்பு எழுதினேன். மொய் என்றால் என்ன, ஏன் எழுதி வைக்கிறோம், பிறகு அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் எப்படித் திருப்பிச் செய்கிறோம் என்பதையும் அரைப் பக்கம் எழுதினேன். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு அதிகாரிக்கு இது புரிய வேண்டுமே என்று அந்த அரைப் பக்கத்தை எத்தனை தடவை மாற்றி எழுதினேன் என்று சொல்ல முடியாது.

சத்தியப் பிரமாணத்துக்கு இரண்டு பேர். ஒருவர் அந்த மொய்யை எழுதியவரின் தம்பி. இன்னொருவர் 78 வயதுப் பாட்டி, பால் மரம் வெட்டியவர். "ரொம்ப நல்ல குடும்பம், ஒத்துமையா இருந்தாங்க" என்று ஆரம்பித்தார். "பாட்டி, நீங்க கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மழ பேஞ்சிச்சு. பந்தல் ஒழுகுச்சு. பொண்ணு சீலையில ஈரம் பட்டுறக் கூடாதுன்னு நான்தான் கொடை புடிச்சேன். ஆலாத்தியும் நான்தான் எடுத்தேன்." அதை அப்படியே எழுதினேன். அவருடைய பிறந்த தேதி, இடம், முகவரி, மணமக்களை எப்படித் தெரியும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பிரமாண ஆணையர் முன்னால் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வைத்தபோது, பாட்டி என்னிடம் திரும்பி, "கொடைய எழுதிட்டியா?" என்று கேட்டார்.

முன்பெல்லாம் கிடைத்ததை எல்லாம் அடுக்கி 200 பக்கம் அனுப்புவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. அவர்கள் அனுப்பிய கடிதத்தின் அசல் எல்லாவற்றுக்கும் மேலே. அதற்கு அடியில் விளக்கக் கடிதம்: நீங்கள் கேட்டது இது, தந்திருப்பது இது, இத்தனையாவது பக்கத்தில். கேட்ட வரிசையிலேயே பதில். மொத்தம் 61 பக்கம். 58ஆம் நாள் கூரியரில் மகனுக்குப் போனது, அவர் கையெழுத்திட்டு அனுப்பினார்.

நாலு மாதம் கழித்து மனு ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இன்னும் நேர்காணல், மருத்துவச் சோதனை எல்லாம் இருக்கிறது. பெரியவர் கடைக்கு வந்து மொய் நோட்டின் நகல் ஒன்று வேண்டும் என்றார். அசல் அவரிடமே பத்திரமாக இருக்கிறது, அனுப்பியது நகலைத்தான். பிறகு எதற்கு என்று கேட்டேன். நோட்டை விரித்து, பென்சிலால் டிக் போட்டிருந்த வரிகளைக் காட்டினார். திருப்பிச் செய்துவிட்டவை. டிக் இல்லாமல் ஒன்பது வரி இருந்தது. அதில் ஒன்று பாட்டியின் பெயர், 3 வெள்ளி.

"அவங்க பேரனுக்கு மாசியில கல்யாணம்" என்றார். "அது முடிஞ்சப்புறம் டிக்கெட் போடச் சொல்லியிருக்கேன்மா."