சுட்டெண் இல்லாமல் கொழும்புக்குப் பஸ் ஏறாதீர்கள்

நிரல் எழுதக் கற்பதுதான் கடினம் என்று பயந்திருந்தேன். ஃப்ரீகோட்கேம்ப் இணையத்தளத்தின் இலவசப் பாடங்களும் மைத்துனரின் பழைய மடிகணினியுமாக அது ஒன்றரை ஆண்டில் ஒருவாறு கைவந்துவிட்டது. என்னைப் பிழிந்தெடுத்தது காகிதம்.

2003இல் சாதாரணதரப் பரீட்சை எழுதியவன் நான். அடுத்த ஆண்டு விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போனேன், தொலைத்தொடர்புப் பிரிவு. போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது உடுத்திருந்த சாறம்தான் மிச்சம். சான்றிதழ் இருந்த பை மாத்தளனிலேயே போய்விட்டது. பிறகு இரண்டு ஆண்டு, முன்னாள் போராளிகளுக்கான அரசின் புனர்வாழ்வு முகாம்.

என்.வி.கியூ. என்னும் தேசியத் தொழில் தகைமையின் நான்காம் மட்டக் கணினிப் படிப்பில் சேரப் போனால், பதிவு மேசையில் இருந்தவர் என் புனர்வாழ்வுச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது படித்த சான்றிதழ் இல்லையே" என்றார். எனக்குத் தெரியாதா? சாதாரணதரப் பெறுபேற்றுச் சான்றிதழை மறுபடி எடுக்க எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டேன். "கொழும்பு" என்றார். அவ்வளவுதான் அவருடைய உதவி.

கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறி, விடிய, கொழும்புக்குப் பக்கத்தில் பரீட்சைத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லை போய்ச் சேர்ந்தேன். விண்ணப்பத்தைக் கையில் எடுத்த பிறகுதான் பரீட்சைச் சுட்டெண் கேட்டிருப்பது தெரிந்தது. பதினாறு வயதில் எழுதிய எண் யாருக்கு நினைவிருக்கும்? பிழை என்னுடையதுதான். அன்றிரவே திரும்பி, பொய்க்காலைக் கழற்றிப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே கொப்புளம்.

பள்ளிக்கூடத்தின் பழைய பதிவேடுகளும் போரோடு போயிருந்தன. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தபோது பரீட்சை மண்டபம் கண்ணுக்குள் வந்தது. எனக்கு முன்மேசையில் இருந்தவன் 2005இலேயே கனடாவுக்குப் போனவன். அவனுடைய சான்றிதழ் பத்திரமாக இருக்குமே! அவனிடம் கேட்டு வாங்கிய எண்ணோடு ஒன்றைக் கூட்டினேன். அதுதான் என் எண். பெறுபேறு சிக்கலில்லாமல் வந்தது.

வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம அலுவலர் சான்றிதழை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள். ஆறு மாதத்தில் அது செல்லாமல் போய்விடும். நான் இரண்டு முறை எடுத்தேன்.

அதோடு முடியவில்லை. மின்னஞ்சலில் அனுப்பிய விண்ணப்பக் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பதிவு மேசைக்காரரே தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக என்ன அனுப்பியிருக்கிறீர்?" தட்டச்சுக் கடையில், ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிக் கொடுத்திருந்தார்கள். அவருடைய கணினியில் பாமினி இல்லை. அந்த எரிச்சலில் உட்கார்ந்துதான் பாமினியை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடாக மாற்றும் நிரலை எழுதினேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்று நினைத்து ஏமாந்தேன். 'கெ' என்று எழுத பாமினியில் கொம்பு முன்னால் வரும், யூனிகோடில் ககரத்துக்குப் பின்னால் வரும். 'கொ' வந்தால் ககரத்தின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நான்கு இரவு போனது.

படிப்பு முடிந்தது. வேலைக்காகப் போன முதல் இரண்டு நேர்முகத் தேர்வுகளிலும் "2004 முதல் 2011 வரை என்ன செய்தீர்கள்?" என்றார்கள். விவசாயம் என்றேன். என்ன பயிர் என்றார் ஒருவர், நாக்குப் புரளவில்லை. இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை. மூன்றாவது இடத்தில் உள்ளதைச் சொன்னேன்: வானொலியில் வந்த இலக்கங்களை அட்டவணை பார்த்துச் சொற்களாக்கினேன், பிறகு புனர்வாழ்வு முகாம். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. மூவரில் இளையவளாக இருந்த பெண், "அந்தப் பாமினி நிரலும் அதே வேலைதானே?" என்றாள். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் கொம்பைப் பற்றித்தான் பேசினோம்.

நியமனக் கடிதம் வந்துவிட்டது. ஆனால் அதில் என் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் வேறு விதம். இருவரும் ஒரே ஆள்தான் என்று கடிதம் வாங்க நாளை மறுபடி கிராம அலுவலரிடம் போகிறேன்.