பேராசிரியர் எலியேசரும் கருவில் விழ மறுத்த இலத்திரனும்

இலங்கைத் தமிழ்க் கணிதவியலாளர் பேராசிரியர் சி. ஜே. எலியேசரைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர் படித்த, படிப்பித்த இடங்களை ஹாட்லி, கொழும்பு, கேம்பிறிட்ஜ், மலாயா, லாற்றோப் என்று அடுக்கி, "டிராக்கின் மாணவர்" (குவாண்டம் கோட்பாட்டாளர் போல் டிராக்) என்று முடித்துவிடுவார்கள். அந்த மாணவர் ஆசானின் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்து எங்கே இடறுகிறது என்று காட்டியதுதான் உண்மையில் சொல்லவேண்டிய கதை.

ஆர்முடுகும்போது (வேகம் மாறும்போது) மின்காந்த அலையாய்ச் சக்தியை இழக்கும், அதாவது கதிர்வீசும், இலத்திரனுக்கு டிராக் 1938இல் ஒரு சமன்பாடு எழுதினார். வேகம் குறைவென்றால் அது இவ்வளவுதான்: ஆர்முடுகலின் (முடுக்கத்தின்) மாறல் வீதத்தை 6.26 × 10⁻²⁴ செக்கன் என்ற நேர மாறிலியால் பெருக்கினால், ஆர்முடுகலில் இருந்து "விசை ÷ திணிவு" கழித்தது வரும். ஆகவே இடம், வேகம் இரண்டோடு தொடக்க ஆர்முடுகலையும் நாமே கொடுக்கவேண்டும். வில்லங்கம் அங்கேதான்.

1943இல் எலியேசர் இலத்திரனை ஐதரசன் கருவான புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விட்டுப் பார்த்தார். வெளிப்புறம் நேர்க்குறி என்றால் கவர்ச்சி விசை மறைக்குறி. அதைக் கழிக்கும்போது கூட்டலாகிறது. கிட்டப் போகப் போக அந்த உறுப்பு பெருத்து, ஆர்முடுகலை வெளிப்புறம் திருப்பிவிடும். இலத்திரன் வேகம் தணிந்து, நின்று, திரும்பித் தறிகெட்டு ஓடும். எந்தத் தொடக்க ஆர்முடுகலும் அதைக் கருவில் சேர்க்காது. கதிர்வீசும் இலத்திரன் கருவில் விழுந்துவிடும் என்றல்லவா பாடப்புத்தகம் சொல்கிறது!

கணினியில் போடுகிறவர்களும் இதே பள்ளத்தில் விழுவார்கள். நேரத்தில் முன்னோக்கிப் படிப்படியாகத் தொகையிட்டால், பதினாறு இலக்கத் துல்லியத்தில் வரும் வட்டமாக்கல் பிழை 37 நேர மாறிலிகளுக்குள், அதாவது 2.3 × 10⁻²² செக்கனில், விடையளவுக்கு வளர்ந்துவிடும். ஆனால் நீல்ஸ் போரின் அணுமாதிரியில் இலத்திரன் சுற்றும் வட்டத்தில் (போர் வட்டம்) ஒரு சுற்றுக்கே 1.5 × 10⁻¹⁶ செக்கன் வேண்டும். நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் பிழை தேயும்; ஆனால் ஆர்முடுகல் அடங்கிய முடிவுநிலை ஒன்று கையில் வேண்டும். நேர் மோதலில் அது கிடைப்பதில்லை.

1948இல் அவரே மருந்தும் தந்தார். ஆர்முடுகலின் மாறல் வீதத்தை எடுத்துவிட்டு, விசையின் மாறல் வீதத்தைத் திணிவால் வகுத்து வைத்தார். தொடக்க ஆர்முடுகல் தேவையில்லை, தறிகெட்ட ஓட்டமும் இல்லை. போர் ஆரையில் (5.3 × 10⁻¹¹ மீற்றர்) சுற்றும் இலத்திரன் ஏறத்தாழ 1.6 × 10⁻¹¹ செக்கனில் சுருண்டு விழும்.

1991இல் ஃபோர்ட்டும் ஓகொனலும் வேறு வழியால் இதே சமன்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று அதற்கு மூவர் பெயரும் உண்டு. ஒரு நேர மாறிலிக்குள் விசை பெரிதாக மாறாத இடத்தில் மட்டும் அதை நம்பலாம். கருவிலிருந்து 10⁻¹⁵ மீற்றர் அளவில் நம்பமுடியாது. அதற்கு வெகு முன்னரே குவாண்டம் இயக்கவியலைக் கையில் எடுக்கவேண்டும்.