கொழிஞ்சாம்பாறை டு செட்டிபாளையம்: ஒரு மஸ்டாங்கை டிராக்கில் இறக்கிய அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் 401 குதிரைத்திறன் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: தோப்புக்குப் போய்வருகிறேன். உண்மையும் அதுதான். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அந்த வண்டிக்கு ஐந்து வினாடி சொச்சம் போதும். கேரளத்தில் 2023இல் வேக வரம்பை ஏற்றிய பிறகும் ஆறுவழி தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்கு 110தான். எங்கள் ஊர்ச் சாலைகளில் அதைவிட எவ்வளவோ குறைவு. அதே வருடம் ஜூனில் ஏஐ கேமராக்களும் அபராதம் போட ஆரம்பித்துவிட்டன. இதற்கெல்லாம் நடுவே ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட வராது.

வண்டி ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 2016 ஜூலையில் இந்தியாவில் அறிமுகமானது. 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், டர்போ கிடையாது, 515 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, ஆறு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர இயக்கம். தொழிற்சாலையிலேயே வலதுபக்க ஸ்டியரிங் வைத்து வந்த முதல் மஸ்டாங் தலைமுறை இதுதான். அப்போது விலை 65 லட்சம். அந்த விலைக்கு நாங்கள் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது. 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்ததும், இனி பாகம் கிடைக்குமோ என்று பயந்த ஒருவர் கோயம்புத்தூரில் விற்க முன்வந்தார். நானும் மச்சானும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

முதலில் காகித வேலை. வண்டியில் டிஎன் நம்பர், நாங்கள் இருப்பது கேரளம். எல்லையோரத்தில் இது அன்றாடக் காட்சிதான். வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் இரண்டு மாநில நம்பரும் கலந்தே ஓடும். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு சொல்கிறது. ஆல்டோ என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வி8 சத்தத்தோடு ஒரு வெளிமாநில வண்டி போனால் எல்லோரும் பார்ப்பார்கள். 2017இல், வரியைக் குறைக்கப் புதுச்சேரி முகவரியில் பதிவுசெய்த சொகுசு கார்கள் கேரளத்தில் எவ்வளவு பெரிய வழக்காயின என்பது ஞாபகம் இருக்கும்.

விற்கிறவரிடம் 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்கச் சொன்னோம். அவருடைய கார் லோன் முடிந்திருந்தாலும் ஆர்சியில் வங்கிப் பெயர் அப்படியே இருந்தது, அதை நீக்கவே தனியாக ஓட வேண்டியிருந்தது. அப்புறம் உரிமை மாற்றத்துக்கு 29, 30, புதுப் பதிவெண்ணுக்கு 27. ஒரு ஆபீசில் எஞ்சின் நம்பரில் ஒரு எழுத்து மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த நம்பரை மறுபடி காகிதத்தில் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுத்தோம். வரிதான் பெரிய அடி. நீங்கள் செகண்ட் ஹேண்டில் கொடுத்த விலையை யாரும் கேட்பதில்லை. புதிதாக வாங்கியபோது இருந்த விலையை வைத்து, வண்டியின் வயதுக்கேற்ற விகிதத்தில் கணக்கிடுவார்கள். இப்படி வாங்க நினைப்பவர்கள் அந்தத் தொகையை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டு விலை பேசுங்கள். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்க வழி உண்டு. அதற்கும் தனி மனு, தனிக் காத்திருப்பு. புது நம்பர் வந்ததும் இன்ஷூரன்ஸிலும் ஃபாஸ்டாகிலும் மாற்ற மறக்க வேண்டாம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது என்பதைப் பாலக்காட்டுப் பக்கம் பலர் யோசிப்பதே இல்லை. வேலந்தாவளம் செக்போஸ்ட், மதுக்கரை, மலுமிச்சம்பட்டி, அப்புறம் செட்டிபாளையம். கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர் நீளம், 2003இல் திறந்தது. 1995இல் விமான விபத்தில் இறந்த எஸ்.கரிவர்தன் பெயரை வைத்திருக்கிறார்கள். மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டி, இந்தியாவில் ஓரளவு செலவுக்குள் ரேஸ் ஓட்டலாம் என்று காட்டியவர் அவர். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்க்காரர்தான். இந்த ஊர்ப் பட்டறைகளில் ரேஸ் கார் வேலை பார்த்து வளர்ந்த கைகள் நிறைய உண்டு. எங்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டும் டிராக் டே ஒன்றுக்குப் பெயர் கொடுத்தோம். கட்டணம் கட்டுவதற்கு முன் செய்த ஒரு வேலையைச் சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்தோம். தனியார் கார் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். ஏற்பாடு செய்து நடத்தும் பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்கெல்லாம் பாலிசி செல்லாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கும். சுவரில் மோதினால் முழுச் செலவும் நம் தலையில். டிராக்கிலும் பொறுப்பு என்னுடையதே என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். இதை மச்சானிடம் சொன்னபோது, “அப்ப நீங்களே முதல்ல ஓட்டுங்க மாமா” என்றான்.

போத்தனூர்ப் பக்கம் ஒரு பட்டறை அண்ணாவிடம் வண்டியைக் காட்டினோம். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் என்று எதையாவது மாற்றச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். (எக்ஸாஸ்டை மாற்றினால் கேரளத்தில் அபராதம் வாங்குவது உறுதி, அது வேறு.) அவர் பானெட்டைத் திறந்து பார்த்தது பிரேக் ஆயில் டப்பாவை மட்டும்தான். “எப்ப மாத்துனதுங்க?” எங்களுக்குத் தெரியாது. ஆயில் பழுப்பேறிக் கிடந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகையில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி இருக்க வேண்டும், ஈரம் ஏறியபின் அதே ஆயிலுக்கு 155 போதும் என்பதுதான் தர அளவு. சாலையில் ஓட்டும்வரை அந்த 155ஐ நெருங்கவே மாட்டோம். டிராக்கில் நெருங்குவோம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலை மிதித்தால் தரைவரை போகும், வண்டி நிற்காது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் இருவரும் உட்கார்ந்தால் வண்டி ஏறக்குறைய 1,900 கிலோ. 150இலிருந்து 60க்கு ஒரு தடவை பிரேக் பிடித்தால் கிட்டத்தட்ட 14 லட்சம் ஜூல் சூடாக மாறுகிறது. அடுப்பில் வைத்தால் நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. நாலைந்து வினாடியில் நான்கு டிஸ்க்குகளுக்குள் இறங்குகிறது, அதிலும் பெரும்பங்கு முன்னிரண்டில். ஒரு ரவுண்டில் இதுபோல எத்தனை வளைவுகள்! வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு என்பதால், குதிரைத்திறன் கூடிய வண்டிக்குத்தான் பிரேக் முதலில் திணறும்.

அதனால் எங்கள் காசு போனது கொதிநிலை கூடிய ஆயிலுக்கும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட்டில் சூடு தாங்கும் ரகமாக முன்சக்கரங்களுக்கு ஒரு செட்டுக்கும். பிரேக் ப்ளீட் பண்ணும்போது, அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் குழாயிலிருந்து வெளியேற்றும்போது, மச்சான் உள்ளே உட்கார்ந்திருந்தான். “மிதிங்க… புடிங்க… விடுங்க” என்று அண்ணா கீழேயிருந்து குரல் கொடுக்க, ஒல்லியான ட்யூபில் முதலில் பழுப்பாக, அப்புறம் நடுநடுவே குமிழோடு, கடைசியில் தெளிவாக ஆயில் இறங்கியது. நான்கு சக்கரத்துக்கும் இதே வேலை. “இத்தோட ஓட்டிட்டு வாங்க, எஞ்சினை அப்புறம் பாக்கலாம்” என்றார்.

டிராக்கில் காலையிலேயே வண்டிச் சோதனை. சக்கர நட்டு, பேட்டரி கிளாம்ப், சீட் பெல்ட், எங்காவது ஒழுகுகிறதா, இழுவைக் கொக்கி போட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். முகம் மூடிய ஹெல்மெட், முழுக்கை பருத்திச் சட்டை, அடி மெல்லிய ஷூ. வண்டிக்குள் அசையக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. கால்மிதி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே. பட்டறை அண்ணாவுக்குத் தர மச்சான் டிக்கியில் போட்டுவந்த தேங்காய் மூட்டையும் வெளியே வந்தது. சோதனை செய்தவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் கொடிகள் பற்றி விளக்கம். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகத் திரும்பு. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. நீலம் எங்களுக்குத் தேவைப்படாது என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் நின்றதெல்லாம் ஸ்விஃப்ட், பொலோ.

மஸ்டாங்கில் ஸ்பீடோமீட்டர் முள்ளுக்குக் கீழே ‘கிரவுண்ட் ஸ்பீட்’ என்று விமானத்தில் போல எழுதியிருக்கும். அமெரிக்கர்களுக்கு அதில் ஒரு குஷி. டிரைவ் மோடில் ‘டிராக்’ என்றே ஒன்று உண்டு. நான் விரலை அங்கே கொண்டுபோனதும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பயிற்சியாளர் தடுத்தார். “அதெல்லாம் வேண்டாங்ண்ணா, நார்மல்லயே இருக்கட்டும். பவரை விடுங்க. கண்ணு எங்க பாக்குதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிட்டே ஓட்டுங்க.”

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது லேசில்லை. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் பிரேக் போர்டு, வண்டி உள் ஓரத்தைத் தொட்டுப்போகும் வளைவின் உட்புள்ளி, வெளியேறும் ஓரம். மூன்றையும் முறையே முன்கூட்டிப் பார்க்க வேண்டும். மஸ்டாங்கின் பானெட் நீளம், இருக்கையோ தாழ்வு. வண்டி திரும்பும்போது உட்புள்ளி பானெட்டுக்கு அடியில் மறைந்துவிடும். நான் கழுத்தை நீட்டித் தேடுவதைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஜன்னல் கண்ணாடி வழியாகத் தேடச் சொன்னார். பிரேக்கை நேர்கோட்டில் இருக்கும்போதே அழுத்திப் பிடித்து, ஸ்டியரிங் திரும்பத் திரும்பக் காலை மெல்ல எடுக்க வேண்டும். வெளியே வரும்போது ஸ்டியரிங் நேராகிற அளவுக்குத்தான் ஆக்ஸிலரேட்டர். ஸ்டியரிங் இன்னும் வளைந்திருக்கும்போது 515 நியூட்டன் மீட்டரைப் பின்சக்கரத்தில் இறக்கினால் வால் வெளியே கிளம்பும். ஒருதரம் லேசாகக் கிளம்பியது. எலக்ட்ரானிக்ஸ் பிடித்து நிறுத்தியதில் டேஷில் ஒரு விளக்கு மினுங்கியதோடு போயிற்று.

நீலக் கொடி சீக்கிரமே வந்தது. சிவப்பு நிறப் பழைய பொலோ ஒன்று. நேர்த்தடத்தில் நான் அதைக் கண்ணாடியில் புள்ளியாக்கிவிடுவேன், அடுத்த இரண்டு வளைவில் அது என் பின் பம்பரில் இருக்கும். கையைக் காட்டி வழிவிட்டேன். அதற்குப் பிறகு அதன் பிரேக் விளக்கு எங்கே எரிகிறது என்று பார்த்து ஓட்டியதில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் அதிகம்.

நேர்த்தடத்தின் கடைசியில் முள் 150ஐத் தாண்டியது. அந்த வேகம் நினைவில் இருப்பதைவிட அதற்கடுத்த பிரேக்தான் நினைவில் இருக்கிறது. பெல்ட் மார்பை அழுத்த, தலை முன்னால் போக, டயர் முனகும் சத்தம் வி8 சத்தத்துக்கு மேலே கேட்டது. சில ரவுண்டு கழித்து பெடல் முன்பைவிட ஒரு விரல் கீழே போய்ப் பிடிப்பது போல இருந்தது. சொன்னேன். “உள்ள போயிரலாம்” என்றார் உடனே. ஒரு முழு ரவுண்டு பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டிக் காற்றில் ஆறவைத்து, வண்டிகளை நிறுத்தும் பிட்டுக்குள் வந்தோம். வந்ததும் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. சூடேறிய பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரை பார்க்கில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பானெட்டைத் திறந்து விட்டோம். குளிர்ந்திருந்தபோது 30 பிஎஸ்ஐ வைத்த டயர் காற்று 37க்கு ஏறியிருந்தது. கொஞ்சம் இறக்கினோம்.

மதியத்துக்கு மேல் மச்சான் ஓட்டினான். என்னைவிட நன்றாகவே ஓட்டினான், அவன் பெடலை அவ்வளவு வதைக்கவில்லை. மைலேஜ் காட்டும் இடத்தில் லிட்டருக்கு 3க்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவர்களிடம் அவன் வேறு ஏதோ எண் சொன்னான்.

அடுத்த வாரம் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். ஆயில் பார்க்க நன்றாகவே இருந்தது, பெடல் இறங்கியது சூட்டினால்தான் என்றார் அண்ணா. முன் பேட் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிகிற அளவு தேய்ந்திருந்தது, பின் பேட் அப்படியே இருந்தது. முன் டயர்களின் வெளித்தோள் இரண்டு பக்கமும் உரிந்திருந்தது. முன்னும் பின்னும் டயர் அளவு வேறு என்பதால் இடம் மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் முடியாது. இன்னொரு டிராக் டேக்கு இவை தாங்கும், அதற்குப் பிறகு இரண்டு டயர் வாங்க வேண்டும். முன் பேட் ஒரு செட் ஆர்டர் போட்டாயிற்று. தேங்காய் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.