கண்டியூரிலிருந்து திருப்பட்டூர் வரை: பதவி இழந்த பிரமனின் தலங்கள்

சோழ நாட்டுச் சிவாலயங்களில் கருவறையின் வெளிச்சுவரை வலமாக வரும்போது, தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோற்பவர், வடக்கே பிரமன் என்னும் வரிசையைப் பெரும்பாலும் காணலாம். தட்சிணாமூர்த்திக்கு வியாழக்கிழமை தோறும் கொண்டைக்கடலை மாலை சாத்துவோர் உண்டு. துர்க்கைக்கு ராகுகால விளக்கு உண்டு. அருகிலுள்ள சண்டிகேசுவரரிடமும் கைதட்டி விடைபெறாமல் யாரும் போவதில்லை. இத்தனைக்கும் நடுவே, அபிஷேக நீர் வழியும் கோமுகியை ஒட்டிய மாடத்தில், நான்கு முகங்களுள் மூன்றை மட்டும் நமக்குக் காட்டிக்கொண்டு பிரமன் நிற்பார். அவர் முன் நிற்பவர் அரிது. உலகத்தைப் படைத்தவருக்கு இவ்வளவுதான் இடமா என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு. அந்தக் கேள்வியோடுதான் பிரமன் தண்டனை பெற்ற கண்டியூரையும், மீண்டும் நிலைபெற்ற திருப்பட்டூரையும் ஒரே பயணத்தில் சேவிக்கப் புறப்பட்டேன்.

பிரமனின் வீழ்ச்சிக்குப் புராணங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைச் சொல்கின்றன. அண்ணாமலையில் சோதிப் பிழம்பாக நின்ற ஈசனின் முடியைக் காண அன்னமாகிப் பறந்தவர், காண முடியாமல் திரும்பும் வழியில் தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக அழைத்து வந்தார் என்பது நாம் அறிந்த கதை. அதனால் அவருக்கு மண்ணில் கோயில் இல்லாமல் போயிற்று. தாழம்பூவும் சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டது. (தாழம்பூ உத்தரகோசமங்கையில் மன்னிக்கப்பட்டு இன்றும் சுவாமிக்குச் சாத்தப்படுகிறது என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.) மற்றொரு கதையில், தமக்கும் ஈசனைப் போல ஐந்து தலைகள் உண்டு, படைக்கும் ஆற்றலும் உண்டு என்று பிரமன் செருக்குற்றார். ஈசன் அந்த ஐந்தாம் தலையைக் கொய்தார்; படைப்புத் தொழிலும் பிரமனை விட்டுப் போயிற்று. ஈசன் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களைப் பட்டியலிடும் பழைய தனிப்பாடல் இந்த நிகழ்ச்சியைத்தான் முதலில் வைத்து, 'பூமன் சிரம் கண்டி' என்று தொடங்குகிறது.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் பேருந்து, ஆறுகளையும் வாய்க்கால்களையும் பாலம் பாலமாகக் கடந்து கண்டியூரில் நிற்கிறது. பிரமசிரக்கண்டீசுவரர் மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கிறார், அம்பிகை மங்களநாயகி. ஞானசம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் இது. திருவையாற்றைத் தலைமையாகக் கொண்ட சப்தஸ்தானத் தலங்கள் ஏழில் ஒன்று என்பதால், ஐயாறப்பர் பல்லக்கில் ஊர் ஊராகச் செல்லும் ஏழூர்த் திருவிழாவின்போது இங்கே கால் வைக்க இடம் இருக்காது. நான் சென்றது சாதாரண நாளொன்றின் காலைப்பொழுது. வாழைத்தாரை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனதைத் தவிர, கோயிலில் வேறு நடமாட்டம் இல்லை. மாசி மாதத்தில் 13, 14, 15 ஆகிய நாள்களின் மாலைக் கதிர் சுவாமி மீது விழும் என்பார்கள். மேற்கு பார்த்த சந்நிதியில் நின்றபோது, அந்தக் கதிர் வரவேண்டிய பாதை நேராகவே கண்ணுக்குத் தெரிந்தது.

வீரச்செயல் நடந்த தலம் என்றால் கோபம் தெறிக்கும் ஒரு மூர்த்தத்தைத்தான் மனம் எதிர்பார்க்கிறது. ஆனால் இங்கே நம்மை நிறுத்திவைப்பது பிரமனுக்கென்று அமைந்த தனிச் சந்நிதிதான். சரசுவதியோடு அமர்ந்திருக்கிறார், நான்கு முகங்கள், உருவம் பெரியது. தலை கொய்யப்பட்ட இடத்திலேயே, கொய்தவரின் வீட்டிலேயே, துணைவியோடு அவருக்கு ஓர் அறை கொடுத்து வைத்திருக்கிறார்கள். முகத்தில் அச்சமும் இல்லை, வெட்கமும் இல்லை. பூசையில் அமர்ந்தவரின் அடக்கம் மட்டும் இருக்கிறது. குருக்கள் காட்டிய கற்பூர ஒளியில் பக்கவாட்டு முகத்தின் காதோரம் வரை வெளிச்சம் சென்று திரும்பியது. அதற்கு அப்பால் பின்முகம் இருக்க வேண்டிய பக்கம் இருட்டாகவே இருந்தது. ஐந்தாம் தலை இருந்திருந்தால் அது எங்கே இருந்திருக்கும் என்று கண் தேடத்தான் செய்தது.

எட்டு வீரட்டங்களையும் மனத்தில் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். பறியலூரில் தலை இழந்த தக்கன் ஆட்டுத்தலையோடு பிழைத்தான். குறுக்கையில் எரிந்த காமன் இரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு உயிர் பெற்றான். கடவூரில் உதைபட்ட எமன், பூமி பாரம் தாங்காமல் தவித்ததால், தன் தொழிலுக்கே திரும்ப அனுப்பப்பட்டான். தண்டிக்கப்பட்டவர்களில் பலருக்கு அந்தத் தண்டனை முடிவாக அமையவில்லை. கண்டியூர்ப் பிரமனும் இந்த வரிசையில்தான் இருக்கிறார். அவரைத் தள்ளிவைக்கப்பட்ட தெய்வம் என்று பேசுவது பாதிக் கதையோடு நிறுத்திவிடுவதாகவே எனக்குப் படுகிறது.

கதை தலையைக் கொய்தவரையும் விட்டுவைக்கவில்லை. கொய்த தலை கபாலமாகி ஈசனின் கையிலேயே ஒட்டிக்கொள்ள, அவர் பிட்சாடனராக ஊர்தோறும் அலைந்தார் என்கிறது தலபுராணம். அந்தக் கபாலம் கையை விட்டு நீங்கிய இடம், சிவன் கோயிலிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கும் அரனின் சாபம் தீர்த்த ஹரசாப விமோசனப் பெருமாள் கோயில். 'முண்டியான் சாபம் தீர்த்த ஒருவன்' என்று திருமங்கையாழ்வார் திருக்குறுந்தாண்டகத்தில் இந்தப் பெருமாளைத்தான் பாடுகிறார். அதே பாசுரத்தில் கண்டியூரை அரங்கத்தோடும் கச்சியோடும் மல்லையோடும் சேர்த்துச் சொல்கிறார். சைவரும் வைணவரும் இந்தக் கதையைத் தத்தம் பக்கம் இழுத்துப் பேசியிருக்கிறார்கள் என்பது தெரிந்ததுதான். அடியேனுக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை. கமலவல்லித் தாயார் சந்நிதியில் துளசி வாங்கிக்கொண்டபோது நினைவில் நின்றது ஒன்றுதான்: பொய் சொன்னவரும் செருக்குற்றவரும் மட்டுமல்ல, அவரைத் தண்டித்தவரும் ஒரு தோஷத்தைச் சுமந்து நடந்து வந்து இறக்கிவைத்த ஊர் இது.

கல்லணை வழியாகத் திருச்சிக்கு வந்து, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள உத்தமர்கோயிலில் அன்று மாலைத் தரிசனம். திருக்கரம்பனூர் என்று திவ்யதேசப் பெயர். பிச்சாண்டார்கோயில் என்று ஊர்ப்பெயர். ஈசன் கையில் இருந்த கபாலம் எவ்வளவு பிச்சையிட்டும் நிரம்பாமல் இருந்து, இங்கே தாயார் இட்ட அன்னத்தால்தான் நிரம்பியது என்பதால் தாயாருக்குப் பூரணவல்லி என்று திருநாமம். மும்மூர்த்திகளும் தேவியரோடு ஒரே மதிலுக்குள் இருப்பது வேறெங்கும் எளிதில் வாய்க்காத காட்சி. பிரமனுக்கும் சரசுவதிக்கும் தனித்தனிச் சந்நிதிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடச் சீருடையோடு வந்திருந்த பிள்ளைகள் சரசுவதியிடம் பேனாவை வைத்து வாங்கிக்கொண்டு, பிரமனை எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. மறுநாள் திருப்பட்டூருக்குப் போக வேண்டியிருந்தது.

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் சிறுகனூரில் இறங்கி உள்ளே திரும்பினால் திருப்பட்டூர். ஒரு காலத்தில் ஊராரும் விவரம் தெரிந்தவர்களும் மட்டும் வந்துபோன கோயில், இன்று வியாழக்கிழமையும் திங்கட்கிழமையும் வாகனம் நிறுத்த இடமில்லாத அளவுக்குப் பெயர் பெற்றுவிட்டது. வாசலிலேயே மஞ்சள் தூள் பொட்டலங்களோடு அர்ச்சனைத் தட்டு விற்கிறார்கள். 'தலையெழுத்தை மாற்றும் தலம்' என்று பலகைகளும் சுவரொட்டிகளும் உரக்கச் சொல்வது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. விதியை மாற்றித்தருவதை ஒரு கடைச்சரக்கு போல விளம்பரம் செய்வது அந்தத் தெய்வத்தின் பெருமைக்குக் குறைவு. ஆனால் உள்ளே போன பிறகு அந்தச் சலிப்பு நிலைக்கவில்லை.

பதவியிழந்த பிரமன், ஈசனின் ஆணைப்படி இங்கே வந்து, தீர்த்தம் உண்டாக்கி, பன்னிரண்டு லிங்கங்களை நிறுவி வழிபட்டார் என்பது தலவரலாறு. பிரமபுரீசுவரரைச் சேர்த்துப் பன்னிரண்டு. அந்த லிங்கங்களுக்கான சிறு சந்நிதிகளைத் தேடித் தேடிச் சுற்றிவருவதே ஒரு வழிபாடுதான். பழமலைநாதர், தாயுமானவர், ஜம்புகேசுவரர், ஏகாம்பரேசுவரர், காளத்திநாதர் என்று பெருந்தலங்களின் மூர்த்திகள் எல்லாம் இங்கே சிறிய உருவில் இருக்கிறார்கள். அந்த வரிசையில் அருணாசலேசுவரரும் இருப்பதைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. எந்த முடியைக் கண்டதாகப் பொய் சொல்லிப் பிரமன் கெட்டாரோ, அந்த அண்ணாமலையாரையே கைக்கு எட்டும் உயரத்தில் வைத்து, பூவிட்டு, தினமும் பணிந்திருக்கிறார்! அந்தச் சந்நிதி முன் ஒரே ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. பெரும்பாலோர் பிரமனைப் பார்க்கும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிரமன் இங்கே தனிச் சந்நிதியில் தாமரைமேல் பத்மாசனத்தில் அமர்ந்திருக்கிறார். ஏறத்தாழ ஆறடி உயர உருவம் முழுவதும் மஞ்சள் காப்பு. கண்களும் உதடுகளின் வளைவும் மட்டும் தெரிய, மற்றதெல்லாம் பூசிய மஞ்சளின் வழவழப்பில் மூடியிருக்கிறது. காய்ந்த இடங்களில் மெல்லிய வெடிப்புகள் ஓட, கழுத்தருகே புதிதாகப் பூசிய மஞ்சள் இன்னும் ஈரமாக மின்னியது. திருவடியில் ஜாதகங்கள்: அச்சிட்டவை, கையால் எழுதியவை, ஓரங்கள் பழுப்பேறிய நோட்டுப் புத்தகங்கள். படைப்புத் தொழிலைத் திருப்பி அளித்தபோது, 'என்னை வழிபட்டு உன் விதி மாறியது போல, உன்னை வந்து வழிபடுவோரின் விதியையும் மாற்றி நலம் செய்வாயாக' என்று ஈசன் அருளியதாக நம்பிக்கை. அதன்படிதான் இந்தக் காகிதங்கள் எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன.

வரிசையில் எனக்கு முன்னே நின்ற ஒரு மூதாட்டி பேத்தியின் ஜாதகத்தை மஞ்சள் பையில் வைத்திருந்தார். "வரன் எல்லாம் தட்டிப்போகுது தம்பி" என்றார். மற்ற கோயில்களுக்கும் போனீர்களா என்று கேட்டேன். "போகாத கோயில் இல்ல. ஆனா இவரு பட்டு எழுந்தவரு. பட்டவங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு, திரை விலகியதும் என்னை மறந்து கை கூப்பினார். வீழாத தெய்வத்திடம் வேண்டுவதற்கும் வீழ்ந்து எழுந்த தெய்வத்திடம் வேண்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் புராணங்களில் தேடிக்கொண்டிருக்க, அவர் அதை வெகு இயல்பாகச் சொல்லிவிட்டார். சோழ நாட்டுக் கோயில்கள் பிரமனுக்குக் கொடுத்திருக்கும் இடமும் ஏறக்குறைய இதுவேதான் என்று நினைக்கிறேன்: முதல் தெய்வமாக அல்ல, மற்றொருவரின் வீட்டில் மன்னிக்கப்பட்டு வாழ்பவராக, அதனாலேயே நம் தவறுகளை அறிந்தவராக. நான் ஜாதகம் எதுவும் கொண்டுபோகவில்லை. குடும்பத்தாரின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துகொண்டேன். குருக்கள் கையில் வைத்த மஞ்சள் பிரசாதத்தை அங்கேயே நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

பிரமன் சந்நிதிக்கு அருகிலேயே பதஞ்சலி முனிவரின் ஜீவசமாதி இருக்கிறது. பிரமனைப் பார்த்த கையோடு வெளியேறுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அங்கே சிலர் கண் மூடி அமர்ந்திருந்தார்கள். ஜாதகம் வைக்க வந்த கூட்டத்தின் பேச்சொலி அவர்களைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை. தலமரமான மகிழ மரத்தையும் வலம்வந்து, வளாகத்திலேயே உள்ள பல்லவர் காலக் கைலாசநாதர் கோயிலையும் பார்த்துவிட வேண்டும். புலிக்கால் முனிவரென்று போற்றப்படும் வியாக்ரபாதரின் சமாதி, ஊரிலேயே சற்றுத் தள்ளி உள்ள காசி விசுவநாதர் கோயிலில் இருக்கிறது. உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள் என்பதால், காலையில் முதலில் பன்னிரு லிங்கங்களையும் சுற்றி, பிரமபுரீசுவரரையும் பிரமசம்பத்கௌரி அம்மனையும் வணங்கி, அதன்பிறகு பிரமனிடம் வருவது நல்லது. அவர் தம் பதவியைத் திரும்பப் பெற்றதும் அந்த வரிசையில்தான்.