25 எச்7-இல் தோற்றுத் திரும்பி வந்த கதை

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு நிறுவனத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. சேர்வதற்குள் பட்ட பாட்டை மெக்கானிக்கல் முடிக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் தடவை போனபோது எழுத்துத் தேர்வு சுலபம். அப்புறம் ஷாப் ஃப்ளோருக்குக் கூட்டிப்போனார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு புஷ் (நடுவில் துளையுள்ள உருளை), அளக்க ஒரு வெர்னியர், ஒரு டிராயிங். துளைக்கு 25 எச்7 என்று போட்டிருந்தது: 25 மி.மீ. துளை, அது எவ்வளவு கூடலாம் என்பதற்கான குறியீடு எச்7. "பாஸா, ரிஜெக்டா? பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார் சூப்பர்வைசர். வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட், அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ. என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் எங்கள் மெட்ராலஜி (அளவீட்டு) லேபில் பத்துப் பேருக்கு ஒரு வெர்னியர். ஒருவன் அளப்பான், மற்றவர்கள் ரெக்கார்டில் எழுதுவோம். நான் எழுதியவன். எச்7 என்றால் துளை 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம். அந்த 21 மைக்ரானை (0.021 மி.மீ.) வெர்னியரால் தீர்மானிக்க முடியாது, துளைக்குள் விட்டுப் பார்க்கும் பிளக் கேஜ் கேட்டிருக்க வேண்டும். அவர் எதிர்பார்த்ததே அதைத்தான். நான் வெர்னியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?" என்றார் எச்.ஆர். கல்லூரியில் கேட்டால், "சிலபஸை முடிச்சாச்சு, மிச்சத்தைக் கம்பெனிதான் கத்துத் தரணும்" என்றார்கள். இன்னும் ஆறவில்லை எனக்கு. இந்த அளவு வரம்புகள் பற்றிய லிமிட்ஸ், ஃபிட்ஸ் எல்லாம் சிலபஸில் இருக்கத்தான் செய்கிறது. கருவிதான் கைக்கு வரவில்லை.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் ஆறு வாரம் போனேன். பிசிறைத் துடைக்காமல் அளந்தால் திட்டுவார். மைக்ரோமீட்டரை நுனியில் உள்ள ராட்செட்டைப் பிடித்துத்தான் திருக வேண்டும், அதற்கு முன் ஸீரோ பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே விரலில் ஏறியது.

பிறகு நாட்ஸ் என்ற மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டத் தளத்தில் பதிந்து, அதே நிறுவனத்துக்கு ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். புரொவிஷனல் சான்றிதழ் கேட்டார்கள். அதற்குக் கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று நடை. பாக்கி இல்லை என்று காட்டும் நோ டியூ படிவத்தில் நூலக சீல் இல்லை என்பதை மூன்றாம் நாள்தான் கிளார்க் சொன்னார். கடைசித் தேர்வு முடிந்த வாரமே எல்லா சீலையும் வாங்கிவிடுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இந்தத் தடவை கொடுத்தது ஒரு ஷாஃப்ட் (உருளைத் தண்டு), அதற்கான குறியீடு 25 ஜி6. துணியால் துடைத்தேன். மேஜையில் வெர்னியர்தான் இருந்தது. "24.980-லிருந்து 24.993 வரைக்கும்தான் சார் இருக்கணும். இதுல பாக்க முடியாது, ஒரு மைக்ரான் காட்டுற மைக்ரோமீட்டர் வேணும்" என்றேன். சூப்பர்வைசர் எதுவும் சொல்லாமல் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.