குழந்தை நட்சத்திரங்களின் கணக்கு வழக்கு

வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தால் சின்னத்திரைக்காரர்களின் ஃபைல் தானாகவே மேசைக்கு வந்துவிடும். நடிகர், கேமராமேன், மேக்கப்மேன் என்று வருகிற ஃபைல்களுக்கு நடுவே அவ்வப்போது ஒரு குழந்தையின் ஃபைலும் இருக்கும். மைனர் என்பதால் பான் கார்டில் போட்டோவும் இருக்காது, கையெழுத்தும் இருக்காது. ஆனால் சம்பளம் கொடுக்கும்போதே கம்பெனி பிடித்துக்கொள்கிற வரியான 10 சதவீத டி.டி.எஸ். மட்டும் ஒழுங்காக ஏறியிருக்கும்.

முன்னாள் குழந்தை நட்சத்திரம் ஒருவர் நொடித்துப் போனார் என்று செய்தி வந்தால் ஊரே போதை, புகழ், கெட்ட சேர்க்கை என்று பேசும். எனக்கோ 'செக் யார் பேருக்குப் போச்சு?' என்றுதான் முதலில் தோன்றும். தொழில் புத்தி. அமெரிக்கக் குழந்தை நடிகர் கேரி கோல்மனைப் பற்றித் தேடிப் படித்ததும் அந்தப் புத்தியால்தான்.

'டிஃப்ரென்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்ற அமெரிக்கத் தொடர் 1978-ல் தொடங்கியபோது கோல்மனுக்கு 10 வயது. பிறவியிலிருந்தே சிறுநீரகக் கோளாறு. 1973-லும் 1984-லும் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது, இரண்டுமே நிலைக்கவில்லை. நோயும் மருந்துகளும் சேர்ந்து உயரத்தை 4 அடி 8 அங்குலத்தோடு நிறுத்திவிட்டன. தொடருக்கு அது லாபமாகிப்போனது. 17 வயதிலும் அவரைச் சின்னப் பையனாகவே காட்ட முடிந்தது. உச்சத்தில் ஒரு எபிசோடுக்கு 1,00,000 டாலர் வரை வாங்கியதாகச் சொல்வார்கள். 1986-ல் தொடர் முடிந்தது. 18 வயதில் ஓய்வுபெற்ற ஆள் மாதிரி நின்றார்.

1989-ல் தன்னை வளர்த்த பெற்றோர் மீதும் நிதி ஆலோசகர் மீதும் வழக்குப் போட்டார். அவருடைய டிரஸ்ட் பணத்தைச் சம்பளம், கட்டணம் என்ற பெயரில் கரைத்துவிட்டார்கள் என்பது புகார். 1993-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, சுமார் 12.8 லட்சம் டாலர். ஆனாலும் 1999-ல் திவால் மனு கொடுக்க வேண்டியதாயிற்று. இடையில் செக்யூரிட்டி வேலை. 1998-ல் அந்த வேலைக்கு வேண்டிய கவச உடை வாங்கப் போன கடையில் ஆட்டோகிராஃப் கேட்ட ஒரு பெண்ணை அடித்து கோர்ட் வரை போனார். 2003-ல் கலிஃபோர்னியா கவர்னர் தேர்தலில் 135 பேரில் ஒருவராக நின்று எட்டாவதாக வந்தார். 2010 மே மாதம் யூட்டாவில் வீட்டில் கீழே விழுந்து, மண்டைக்குள் ரத்தம் கசிந்து இறந்தபோது வயது 42.

திவாலானபோது அவர் சொன்ன ஒன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பழியைத் தன்னில் தொடங்கி, கணக்காளர்கள், பெற்றோர், ஏஜென்ட்கள், வக்கீல்கள் என்று வரிசையாகப் பகிர்ந்து, கடைசியில் திரும்பத் தன்மீதே கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வரிசையில் எங்கள் ஆட்கள் பெற்றோருக்கும் முன்னால் வருகிறார்கள்! முதலில் சுருக்கென்றது. அப்புறம், நியாயம்தானே என்று பட்டது.

ஏனென்றால் இந்த விஷயத்தில் திருடன் என்று ஒருவரைக் காட்டுவது கஷ்டம். எங்களிடம் 18 முடிந்த ஒரு பையன் அம்மாவோடு வந்தான். மேஜர் ஆனதும் போட்டோ, கையெழுத்தோடு பான் கார்டைப் புதுப்பிக்க வேண்டும் அல்லவா, அதற்காக. படிவத்தை நிரப்பும்போது திரையில் அவனுடைய பழைய டி.டி.எஸ். விவரம் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தான்.

"சார், இது நான் ஆறாவது படிக்கும்போது பண்ணின சீரியல்தானே? அப்பவே இவ்வளவு குடுத்தாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "உன் ஸ்கூல் ஃபீஸ், அக்கா கல்யாணம், வீட்டு லோன், இதெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைச்சே?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. வீடு இருக்கிறது, அம்மா பெயரில். மகனைக் கூட்டிக்கொண்டு விடிகாலையில் ஷூட்டிங் போனவர், அதற்காகத் தன் வேலையை விட்டவர். அவருக்குப் போட்டிருக்க வேண்டிய சம்பளத்தை யார் கணக்கு பார்ப்பது? ஆனால் அந்தப் பையன் ஆறு வயதிலிருந்து ஒரு குடும்பத்துக்கே முதலாளியாக இருந்திருக்கிறான், அது அவனுக்கே தெரியாமல். பழைய சோறு மாதிரி ஆறிப்போன விவரமாக அன்றுதான் அவனுக்குக் கிடைத்தது.

கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே 1939-ல் வந்துவிட்டது. மௌனப் படக் காலத்துச் சிறுவன் ஜாக்கி கூகன் பெரியவனானபோது, சம்பாதித்த லட்சக்கணக்கான டாலரை அம்மாவும் மாற்றாந்தகப்பனும் செலவழித்திருந்தார்கள். அதனால் வந்த சட்டம். ஆனால் கோர்ட் ஒப்புதல் பெற்ற ஒப்பந்தங்களுக்குத்தான் அது பொருந்தியது. குழந்தையின் சம்பளம் குழந்தையின் சொத்தே என்றும், அதில் 15 சதவீதத்தைத் தனியே போட வேண்டும் என்றும் ஆனது 2000-ல்தான்.

இந்தியாவில் 2017-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி குழந்தைக் கலைஞர் ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமான வங்கியில் குழந்தை பெயரில் எஃப்.டி.யாக நேரடியாகப் போக வேண்டும். நல்ல விதி. மீதி 80 சதவீதம் பற்றி அது வாய் திறக்கவில்லை. கோல்மனுக்கும் டிரஸ்ட் இருந்தது, அதில் பணமும் விழுந்தது. வெளியே போன வழியைத்தான் யாரும் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால், டெபாசிட் ரசீதைவிட, வருஷா வருஷம் குழந்தையின் கணக்கிலிருந்து எது எதற்குச் செலவானது என்று ஒரு பக்கம் எழுதி வைப்பதுதான் முக்கியம். எழுதச் சொன்னால் பெற்றோர் முகம் மாறும். ஒரு அப்பா கேட்டார், "எம் பிள்ளை காசை நான் திருடிடுவேனா சார்?"

வருமான வரியில் இன்னொரு கூத்து. திறமையால் மைனர் சம்பாதித்தது மைனரின் சொந்த வருமானம். ஆனால் அதை டெபாசிட் போட்டு வருகிற வட்டியைப் பெற்றோரின் வருமானத்தோடு சேர்க்க வேண்டும். இதைச் சொன்ன அன்று, அதே அப்பாதான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அது பையனோட பணம் சார். என் கணக்குல எதுக்குச் சேர்க்கறீங்க?"