விசாகப்பட்டினம்: சாலையோரம் நிற்கும் நீர்மூழ்கி

விசாகப்பட்டினம் போகிறவர்கள் ராமகிருஷ்ணா கடற்கரையில் கால் நனைத்துவிட்டு, மறுநாள் விடிவதற்குள் அரக்கு பள்ளத்தாக்குக்குப் போகும் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இப்போது கோபமே வருகிறது. அதே கடற்கரையில், சாலையை ஒட்டி, ஒரு முழு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. மாதிரியும் இல்லை, பொம்மையும் இல்லை. 31 ஆண்டுகள் கடலுக்கடியில் உழைத்த ஐ.என்.எஸ். குர்சுரா.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் ஆட்டோ கதையைச் சொல்லியாக வேண்டும், வயிறு எரிகிறது. ரயில் நிலையத்திலிருந்து கடற்கரை அப்படியொன்றும் தூரமில்லை. வாசலில் நின்ற ஓட்டுநர் கூசாமல் 400 ரூபாய் கேட்டார். "என்ன அண்ணா, சென்னையிலிருந்து ரயிலில் வந்ததற்கே ஏறக்குறைய அவ்வளவுதானே ஆனது" என்றேன். ஒருவழிப் பாதை, சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்றார். பேசிப் பேசி 200-க்கு இறங்கினார். வண்டி எங்கும் சுற்றவில்லை, நேராகத்தான் போனது. இறங்கும்போது பைக்குத் தனியாக 50 ரூபாய்! என் மடியில் இருந்த பைக்கு! கொடுக்கவில்லை. அருங்காட்சியகத்தின் நுழைவுச் சீட்டு அந்த ஆட்டோக் கூலியைவிட மலிவு என்பதுதான் ஒரே ஆறுதல்.

இனி குர்சுரா. நீர்மூழ்கிகள் வேண்டும் என்று இந்தியா முதலில் பிரிட்டனைத்தான் கேட்டது. அங்கே காரியம் நடக்காததால் சோவியத் ஒன்றியத்திடம் போனது. அப்படி வந்த முதல் நீர்மூழ்கியான கல்வரி 1967 டிசம்பர் 8 அன்று கடற்படையில் சேர்ந்தது. அந்தத் தேதியைத்தான் கடற்படை ஆண்டுதோறும் நீர்மூழ்கி நாளாகக் கொண்டாடுகிறது. அதே வகையைச் சேர்ந்த குர்சுரா 1969 டிசம்பரில் பணிக்கு வந்து, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. மறு ஆண்டே மணலில் ஏற்றி மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

வெளியே நின்று பார்த்தால் 91 மீட்டர் நீளம், பிரம்மாண்டம். உள்ளே காலை வைத்ததும் அந்தப் பிரம்மாண்டம் எங்கே போனது என்று தெரியவில்லை. இருபுறமும் குழாய்கள், திருகுச் சக்கரங்கள், அளவுமானிகள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான இரும்புத் துவாரம்தான் வழி. ஒரு காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து, பிறகு மற்றக் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். டார்பிடோ அறையில் ஆயுதத்துக்குப் பக்கத்திலேயே படுக்கை. நீட்டிப் படுத்தால் என் கால் வெளியே தொங்கும். இதற்குள் 75 பேர் வாரக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார்கள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஓய்வு பெற்ற கடற்படை வீரர். இந்தியும் தெலுங்கும் கலந்து பேசினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நடுநடுவே தமிழிலும் இரண்டு வார்த்தை சொன்னார். "குளியல் எப்படி ஐயா?" என்றதற்குச் சிரித்தார். நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான், குளியலைப் பற்றிக் கரையில் யோசிக்கலாம் என்றார். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், அதனால் நீருக்கடியில் ஓடுவது மின்கலத்தில். மின்கலம் தீர்ந்தால் மேல்மட்டத்துக்கு அருகே வந்து, காற்றுக்குழாயை மட்டும் நீருக்கு மேல் நீட்டி, எஞ்சினை ஓட்டி மின்னேற்றிக்கொள்ள வேண்டும். எதிரியின் கண்ணில் படுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

ஆழத்தில் இருக்கும்போது கரையிலிருந்து செய்தி எப்படி வரும்? சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் நுழையாது. மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள் மட்டுமே சில மீட்டர் இறங்கும். அதற்கான நிலையம் நம் திருநெல்வேலி மாவட்டத்தில், விஜயநாராயணத்தில் இருக்கிறது. பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். வழிகாட்டி இதைச் சொன்னபோது எனக்குச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றியது. பின்னால் வந்த கும்பலோ செல்ஃபிக்காகப் பெரிஸ்கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது.

அதே கடற்கரையில் 1971 போருக்கான வெற்றி நினைவுச் சின்னமும் இருக்கிறது. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி என்ற நீர்மூழ்கி, அந்த டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி இந்தத் துறைமுகத்துக்கு வெளியேதான் மூழ்கியது. விக்ராந்தோ அந்தமான் பக்கம் போய் ஒளிந்திருந்தது. ராஜ்புத் என்ற பழைய கப்பல்தான் இங்கே விக்ராந்தாக நடித்துப் போலிச் செய்திகளை அனுப்பியது. ராஜ்புத்தின் ஆழ்குண்டுகளே காஸியை மூழ்கடித்தன என்கிறது இந்தியா. பாகிஸ்தான் அதை மறுத்து, விபத்து என்கிறது. எதுவானாலும் உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. குர்சுராவின் துவாரங்களில் நுழைந்து வந்த பிறகு அந்தச் செய்தி வேறு மாதிரி உறைக்கிறது. அதே போரில் டையூவுக்கு அருகே நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கி 194 பேர் இறந்ததையும் வழிகாட்டி சொன்னார். வெற்றிக் கதையோடு நிறுத்திக்கொள்ளாத அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

சாலைக்கு எதிர்ப்புறம் டி.யு.-142 விமானம். நீர்மூழ்கிகளை வானிலிருந்து வேட்டையாடியது. அரக்கோணத்தில் ராஜாளி தளத்திலிருந்து பறந்து, 2017-இல் ஓய்வு பெற்றது. ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறிகள். நின்று பார்க்கத் தகுந்தவை அவைதாம். உள்ளே அவ்வளவு சுவாரசியம் இல்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். கடற்கரைக்குப் பின் தெருவில் ஒரு சிறிய மெஸ். சூடான சோற்றில் பருப்புப் பொடி, அதன் மேல் தாராளமாக நெய், பக்கத்தில் கோங்குரா பச்சடி. கேட்கக் கேட்கப் போட்டார்கள். ஆட்டோவில் போன பணம் இங்கே திரும்பி வந்ததாகவே கணக்கு எழுதிக்கொண்டேன்.

ஒரு ஆற்றாமையும் இருக்கிறது. குர்சுராவின் இனத்தைச் சேர்ந்த வாக்லி 2010-இல் ஓய்வு பெற்றபோது, அதை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்குவதாகத் திட்டம் இருந்தது. கைகூடவில்லை. நடந்திருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்தே பார்த்திருப்பேன், ரயில் செலவு மிச்சம்.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை குர்சுரா திறக்காது. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பிற்பகலில்தான் உள்ளே விடுகிறார்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அந்த இரும்புத் துவாரங்களுக்குள் இழுக்காதீர்கள். எதிரே விமானத்தைக் காட்டி உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.